யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?

இந்தப் பயணத்தை நான் போகவில்லை. போனவள் சுகிர்தா, அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரி. அவள் வீட்டில் அவளும் என் வீட்டில் நானும்தான் முதலில் பட்டம் வாங்கியவர்கள் என்பதால் எதற்குப் பயப்படுவது என்பதில் எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவள் துண்டு துண்டாகச் சொன்னதை நான் கேட்டு வைத்திருந்தேன். இதில் அவள் வாயால் சொல்லாத நினைப்பு எதையாவது நான் சேர்த்திருந்தால், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படித்தானே நினைத்திருப்பேன் என்ற தைரியத்தில் சேர்த்ததுதான். நடந்ததில் எதையும் மாற்றவில்லை.

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி மினி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து சுகிர்தாவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கல்யாணத்துக்கில்லை, சாவுக்கில்லை, கோயிலுக்கில்லை, பரீட்சைக்குக்கூட இல்லை. பரீட்சைக்கு வெளியூர் போயிருக்கிறாள், ஆனால் அப்போதெல்லாம் ஊர் என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டும் அதற்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையும்தான். இது வேடிக்கை பார்க்க. அந்தச் சொல்லை நினைத்ததும் சிரிப்பு வந்தது, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலில் மலை வந்தது, மலை மேல் மேகம் பாதி உட்கார்ந்திருந்தது, அப்புறம் காற்றாலைகள், அப்புறம் வெங்காயம் காயப்போட்டிருந்த ஒரு களம், அதைத் தாண்டும்வரை பஸ் முழுக்க வெங்காய வாசனை. வெங்காயத்துக்கு ஒரு ஊர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு ஊர் இருக்கிறது. பொங்கலுக்கு ஆபீஸே காலியாகிவிடும், எல்லோரும் ஊருக்குப் போவார்கள், உனக்கு எந்த ஊர் என்பார்கள், மெட்ராஸ் என்பாள், அது இல்லப்பா சொந்த ஊர் என்பார்கள். தாத்தா செங்கல்பட்டுப் பக்கம் எங்கிருந்தோ வந்தவர், எந்தப் பக்கம் என்று அப்பாவுக்கே தெரியாது, அப்பாவுக்கு வியாசர்பாடிக் கால்வாய்தான் பூர்வீகம். அப்படி ஒரு பொங்கல் முடிந்த வாரத்தில்தான் ஆபீஸில் ஒருத்தியின் போனை வாங்கி எதையோ தேடும்போது அந்த மஞ்சள் படம் வந்தது, மஞ்சள் என்றால் சுவருக்கு அடிக்கிற மஞ்சள் இல்லை, கண்ணை மூடினாலும் உள்ளே எரிகிற மஞ்சள், போன ஆடி மாசத்துது, எங்க ஊர்ப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டால் என்ன, ஊர்ப் பெயரைப் படித்தாயிற்று. கடம்பன்குளம். அம்மாவிடம் பொய் சொல்லவில்லை, சூரியகாந்தி பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னாள். அம்மா சோற்றை வடித்துக்கொண்டே, "பூ பாக்கவா? பூவுக்கு எதுக்குடி ரயிலு" என்றாள். அப்புறம் வடித்த கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "ஊர்ப்பக்கம் போற. எவளாவது யாரு என்னான்னு நோண்டுவா. வாயத் தொறக்காத, சிரிச்சுட்டு வந்துடு" என்றாள்.

நோண்டல் கண்டக்டரிடமிருந்தே ஆரம்பித்தது. கடம்பன்குளம் என்றதும், "கடம்பன்குளத்துல எங்க? பஜாரா, மேலத்தெருவா, காலனியா?" என்றான். மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் ஒரே மாதிரிதான் சொன்னான், தினமும் சொல்கிறவன், அவன் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை, ஆனாலும் மூன்றாவது சொல்லுக்கு முன்னால் அவள் காது தானாகக் கூர்மையாகிவிட்டது. "கடைசி ஸ்டாப்" என்றாள். அது நல்ல பதில். எந்தப் பக்கமும் சாயாத பதில். அதைச் சொன்ன சாமர்த்தியத்தை நினைத்து அவள் ரசித்துக்கொண்டிருக்கும்போதே துப்பட்டா காற்றில் பறந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் முகத்தில் போய் அப்பிக்கொண்டது. ஐம்பது வயசிருக்கும், மடியில் ஒரு தூக்குச்சட்டி, அதன் மேல் கிழிந்த வேட்டித் துணிகளைச் சுருட்டிய ஒரு மூட்டை. முகத்திலிருந்து துப்பட்டாவை எடுத்து அதன் சொந்தக்காரியிடம் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள், "யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" வந்துவிட்டது. இதற்கு ரயிலிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள், காலேஜில் கூடப் படித்தவள் வீட்டுக்கு, பெயர் ரம்யா. ஆனால் எந்த ரம்யா என்பார்கள், எந்தத் தெரு ரம்யா, யார் மகள் ரம்யா, இல்லாத ரம்யாவுக்கு ஒரு தெருவைக் கொடுக்க வேண்டும், தெருவைக் கொடுத்தால் அந்தத் தெருவோடு மற்றதெல்லாம் வந்து சேர்ந்துவிடும். "யார் வீட்டுக்கும் இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன்" என்றாள். "சும்மான்னா? யாரைப் பாக்க?" "பூவை." "எந்தப் பூவை?" "சூரியகாந்திப் பூவை." அந்த அம்மாள் முன்னால் திரும்பி உரத்த குரலில், "ஏலே, கேட்டியாலே? மெட்ராஸ்லேர்ந்து ரயிலேறி பூவைப் பாக்க வந்திருக்காவளாம்" என்றாள். கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டு, "ஆவுடைச் சித்தி, உன் பூவுக்கு நல்ல காலம். பொண்ணு பாக்க வந்துட்டாக. பஜ்ஜி சொஜ்ஜி போடு" என்றான். பஸ்ஸே சிரித்தது. சுகிர்தாவும் சிரித்தாள். சிரிச்சுட்டு வந்துடு என்று அம்மா சொன்ன சிரிப்பு இல்லை இது, உண்மையாகவே வந்துவிட்ட சிரிப்பு, ஏனென்றால் ஆவுடை என்கிற அந்த ஆவுடைத்தாய் சிரிக்கவே இல்லை. அவள் மடியிலிருந்த துணிமூட்டையை அமுக்கிக்கொண்டு, "பாக்கட்டும், பாக்கட்டும். பாக்கதுக்காவது ஆள் வருதே. தேனீ ஒண்ணு வரக் காணோம்" என்றாள்.

தேனீ ஏன் வர வேண்டும் என்று சுகிர்தா கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் கேள்விகளை அவர்கள் கேட்காமல் தான் கேட்டுக்கொண்டே இருந்தால் ஊர் வரும்வரை ஓட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. ஆவுடைத்தாய் சொன்னாள். பூ விரிந்த நாலைந்து நாளைக்குள் ஒரு பூவின் தூள் இன்னொன்றில் ஒட்ட வேண்டும், ஒட்டினால் விதை, ஒட்டாவிட்டால் வெறும் கூடு. மற்ற வருஷமெல்லாம் தேனீ பார்த்துக்கொள்ளும். இந்த ஆடியில் மேல்காற்று மரத்தையே சாய்க்கிறது, தேனீ எப்படி வந்து உட்காரும்? அதனால் கையாலேயே பூவோடு பூவைச் சேர்த்துத் தேய்க்க வேண்டும், அதுவும் வெயில் உச்சிக்கு வருவதற்குள். ஒரு ஆளால் ஆகாது, எதிரும் புதிருமாக ரெண்டு பேர் வேண்டும். கூட நிற்கிற மதினி நேற்று வரப்பில் சறுக்கிக் கால் எலும்பு விட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பஸ்ஸில் வருகிறாள். ஊரில் எல்லா வயலும் ஒரே நேரத்தில் பூத்திருக்கிறது, கூப்பிட்டால் வர ஆள் இல்லை. "நேத்தே விரிஞ்சிட்டு. இன்னும் மூணு நாளு விட்டா அம்புட்டும் கூடுதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்க்கவில்லை, மலை மேலிருந்து வருகிற காற்றைப் பார்ப்பது போல எங்கேயோ பார்த்தாள். தான் எதைப் பார்க்க வந்தோமோ அது இன்னொருத்திக்குக் காய்க்க வேண்டிய, விதை பிடிக்க வேண்டிய ஒன்று என்பது சுகிர்தாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. படத்தில் மஞ்சள் மட்டும்தான் இருந்தது.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினாள். இறங்கினவள் அப்படியே நின்றாள். வயல் தெரிந்தது, எதிரே, ரோட்டை ஒட்டி, கண் போகிற தூரம் வரை, ஆனால் மஞ்சள் இல்லை. பச்சை. பச்சைப் பச்சையாகக் கழுத்துகள், முதுகுகள், அவற்றின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் நூல் சுற்றினாற்போல் ஒரு கீற்று. அத்தனை பூவும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றது. அவள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண், கண்டக்டர் பார்த்தால் இதைத்தான் சொல்வான், அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சுற்றிப் போய்க் கிழக்குப் பக்கமாக நின்று பார்த்தால்? கிழக்கே குளம், வயலின் அந்தக் கடைசியில் குளத்துக் கரை, கரைக்குப் போக வயலுக்கு உள்ளே நடந்தால்தான் உண்டு. வயல் நெடுக வேலி முள் வெட்டிப் போட்டிருந்தது. முள் இல்லாத ஒரே இடத்தில், வேப்பமரத்தடியில், கம்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அது பழைய பயம், கேட் வைத்த இடங்களில் எல்லாம் வருவது, காலேஜில் முதல் நாள், ஆபீஸில் முதல் நாள், கையில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டே வாட்ச்மேனைப் பார்த்துப் பயந்தது. போய்விடலாமா? இந்தப் பஸ்ஸே திரும்பும். முதுகைப் பார்த்தேன் என்று சொல்லலாம். இல்லை, சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்தால் என்ன, சூரியகாந்தி சூரியனோடு திரும்பும் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறாள், மேற்கே சூரியன் சாயும்போது எல்லாம் இந்த ரோட்டைப் பார்த்துத் திரும்பியாக வேண்டும், யாரிடமும் எந்த வாசலையும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போய்விடலாம், திரும்பும், திரும்பாமல் எங்கே போகும். அந்த யோசனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது. பயத்தைத் திட்டம் என்று பெயர் வைத்துக் கூப்பிடுவது அவளுக்குப் பழக்கம், அது அவளுக்கே தெரியும்.

கால் மரத்தடிக்குப் போய்விட்டது. பெரியவர் பீடியை எடுக்காமலே, "யாரு வீட்டுக்கு?" என்றார். இரண்டாவது தடவை. இந்த ஊரில் ஒரு ஆள் வந்தால் ஒரு வீட்டுக்குத்தான் வர வேண்டும், வீடு இல்லாமல் வந்த ஆளை எங்கே வைப்பது என்று இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தாள், உடனே, தெரியாமல் என்ன, வைக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ளத்தானே கேட்கிறார்கள் என்றும் நினைத்தாள், இரண்டும் மாறி மாறி வந்தது, இரண்டில் எது என்று இந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, பீடிப் புகை மறைக்கிறது. ரம்யா வீட்டுக்கு என்று சொன்னால் போதும். மேலத்தெரு ரம்யா. சொல்லிவிட்டு உள்ளே போய் அந்தக் கரையில் ஏறி நின்றால் படத்தில் பார்த்த அத்தனையும் எதிரே இருக்கும். நாக்கு நுனிக்கு வந்தது. "யார் வீட்டுக்கும் இல்லங்க" என்றாள். "அப்போ போட்டோவா? போன வருஷம் ஒரு வேன் நிறைய வந்து இப்படித்தான் நுழைஞ்சு அம்பது தலையை ஒடிச்சுப் போட்டுட்டுப் போனானுவ. ரோட்டுல நின்னு எடுத்துக்கோ, உள்ள கால் வைக்கப்படாது." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தது அவளுக்கு ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது, ஏனென்றால் இது எல்லோருக்கும் பொதுவான 'கூடாது'.

அவருக்குப் பின்னால் ஏற்கெனவே வயலுக்குள் இறங்கிவிட்ட ஆவுடைத்தாய் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பூவை வளைத்து இன்னொன்றை எட்டப் பார்த்தாள், எட்டவில்லை, எட்டிய பூவைக் காற்று பிடுங்கிக்கொண்டது. இன்னொரு தடவை வளைத்தாள். பிறகு அப்படியே நின்று வேப்பமரத்தடியைப் பார்த்தாள். விடுவிடுவென்று நடந்து வந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்காமல் சுகிர்தாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையை விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள், காய்கறிக்காரியிடம் கத்தரிக்காயை அழுத்துவது போல. "ஏட்டி, கை பஞ்சு மாதிரி இருக்கே. சுணை பட்டா அரிக்கும், தாங்குவியா?" ஏட்டி என்பது திட்டா கொஞ்சலா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை, பஸ்ஸில் மரியாதையாக 'வந்திருக்கிய' என்றாளே, அதிலிருந்து இது இறக்கமா ஏற்றமா, ஆனால் கை இன்னும் அந்தக் கைக்குள்தான் இருந்தது, அதை அவள் மனசு தனியாகக் குறித்துக்கொண்டது. "தாங்குவேன்" என்றாள். ஆவுடைத்தாய் பெரியவரைப் பார்த்து, "வெள்ளத்துரை அண்ணே, விடும். நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கு" என்றாள். பெரியவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "உங்க வீட்டுக்கா? இப்பத்தானே யாரு வீட்டுக்கும் இல்லன்னுச்சு?" "அது மெட்ராஸ் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுதேன்லா." தூக்குச்சட்டியைப் போலச் சாதாரணமாக இவளையும் கூட்டிக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள்.

உள்ளே வேறு உலகம். செடி அவள் தலை உயரம், காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது, சருகு மாதிரிச் சத்தம் எல்லாப் பக்கமும். "இந்த வரிசையில நீ பிடி, அந்த வரிசையில நான் பிடிக்கேன். முகத்தோட முகம் வச்சு மெதுவா ஒரு சுத்து. அம்மி அரைக்கப்படாது, பிள்ளைக்குப் பவுடர் போட மாதிரி." முதல் பூவைச் சுகிர்தா பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டாள். "அய்ய, மாப்பிள்ளை கழுத்தைத் திருகாதட்டி" என்றாள் ஆவுடைத்தாய், இப்போது அவளும் சிரித்தாள். இரண்டாவது பூ பரவாயில்லை. அப்புறம் கைக்கு வந்துவிட்டது. வளை, சேர், சுற்று, விடு. ஒவ்வொரு முகமும் ஒரு கண் சிமிட்டலுக்குள் அவள் பக்கம் வந்தது, தட்டு அளவு, நடுவில் கறுப்பும் பழுப்புமாக, அடுத்த நொடி எதிர்ப் பூவோடு அப்பிக்கொண்டு மறைந்தது. விரல் மஞ்சள், மூக்கு மஞ்சள், தும்மினாள். முன்கை நெடுக அரித்தது. சந்தோஷம் வயிற்றிலிருந்து கொதித்துக் கொதித்து வந்தது, பொங்கல் பானை மாதிரி, எந்த ஊர்ப் பொங்கல், நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கு, அப்படிச் சொன்னாளே, அவளுக்கு ஆள் தேவை, அதனால் சொன்னாள், ஆளுக்காகத்தான் சொன்னாள், இருக்கட்டுமே, ஆனால் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளா? அந்த 'தெரிந்திருந்தால்' அரிப்பு மாதிரி, சொறிந்தால் கூடியது. பாதி வயலில் ஆவுடைத்தாய் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்துவிட்டு நீட்டினாள். சுகிர்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வாங்கினாள், அண்ணாந்து குடித்தாள், இந்த ஊரில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள் போல, இதிலிருந்து எதைக் கண்டுபிடிப்பது. "சாயங்காலம் எல்லாம் ரோட்டுப் பக்கம் திரும்பும்தானே?" என்று கேட்டாள், எதையாவது கேட்க வேண்டுமே. ஆவுடைத்தாய் அவளைப் பார்த்தாள், பிறகு இன்னும் தேய்க்காமல் கிடந்த வரிசைகளைப் பார்த்தாள். "திரும்பாம? அதுவரைக்கும் நீ ஓடிராத."

அதற்குப் பிறகுதான் கேட்டாள். பூவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே, பூவுக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாமல், குரல் மட்டும். "உங்களுக்குப் பூர்வீகம் எது?" சுகிர்தாவின் கை நின்றது. சிரிச்சுட்டு வந்துடு. சிரித்தால் அந்தப் பக்கம் தெரியாது. செங்கல்பட்டு என்று சொல்லலாம், பொய்யில்லை, அடுத்த கேள்வி வரும், அதற்கும் ஒன்று சொல்லலாம், கரை பக்கத்தில்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வரிசை. ஆனால் பாதிப் பொய்யோடு கரையில் ஏறி நின்று பார்த்தால் அந்த மஞ்சளில் பாதிதான் தெரியும் என்று அவளுக்கு, ஏன் என்று தெரியாமல், உறுதியாகத் தோன்றியது. "பூர்வீகம்னு ஒண்ணும் இல்லம்மா. வியாசர்பாடிக் கால்வா ஓரம். எங்க தாத்தா ஊர்ல காலனிதான். அங்கருந்து வந்துட்டாங்க." சொல்லியாயிற்று. காது அடைத்துக்கொண்டது. காற்று ஒரு பெரிய வீச்சாக வந்து வயலையே சாய்த்தது. "பிடிட்டி! பிடி! விட்டுராத!" என்றாள் ஆவுடைத்தாய். இரண்டு பேரும் ஆளுக்கொரு கழுத்தைப் பிடித்துக்கொண்டு காற்று போகும்வரை நின்றார்கள். காற்று போனதும் அவள், "ம்" என்றாள். அப்புறம், "அடுத்தது" என்றாள். கேட்டாளா, காற்றில் கேட்காமல் போய்விட்டதா, கேட்டும் அவ்வளவுதானா? அந்த 'ம்'மைச் சுகிர்தா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி.

வரிசை முடிந்து கரையில் ஏறினார்கள். "இப்பப் பாரு" என்றாள் ஆவுடைத்தாய், தேய்த்து முடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. சுகிர்தா திரும்பினாள். வயல் முழுக்க முகம். ஒன்றுகூடக் குனியாமல், ஒன்றுகூட வேறு பக்கம் பார்க்காமல், அத்தனையும் இவளைப் பார்த்து. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திப் பெயர் சொல்லச் சொன்னதுபோல் இருந்தது, ஆனால் இப்போது பெயரும் சொல்ல வரும், தெருவும் சொல்ல வரும். போனை எடுக்க மறந்துவிட்டாள். மஞ்சள் கையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் வர வேண்டியவள் நாலாம் நாள்தான் ஆபீசுக்கு வந்தாள், முன்கை நெடுகத் தடிப்போடு. "சாயங்காலம் திரும்பிச்சா?" என்று கேட்டேன். "எங்க திரும்பிச்சு? இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, நாளைக்குத் திரும்பும், வீட்டுல படுத்துக்கோன்னாங்க. மறுநாள் மேகம்னாங்க. அதுக்கு மறுநாள் வயல் முடிஞ்சிடுச்சு, போய்ட்டு வான்னுட்டாங்க" என்றாள். திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர், "யாரு வீட்டுக்கு வந்துட்டுப் போறிய?" என்று வேண்டுமென்றே கேட்டானாம். "ஆவுடைத்தாய் வீட்டுக்கு" என்றாளாம்.

எனக்கு மனசு கேட்காமல் ஒரு வேளாண்மைப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், சந்தேகத்துக்கு இன்னொன்றிலும் பார்த்தேன். சூரியகாந்தி மொட்டாக வளரும்போதுதான் சூரியனோடு சேர்ந்து திரும்புகிறது. ஒரு தடவை முழுதாக விரிந்துவிட்டால் பிறகு கிழக்கைப் பார்த்தே நின்றுவிடும், எந்தச் சாயங்காலமும் திரும்பாது.